மேல் சிகிச்சைக்காக அனுப்பப்படுகிறார்

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெரியவங்களைக் கேட்டால் ராமானுஜர் பிறந்த ஊர் என்பார்கள். என் வயதுக்காரர்களுக்கு 1991 மே 21. இப்போதைய பசங்களுக்கு கார் கம்பெனி, செல்போன் கம்பெனி. எனக்கு இந்த மூன்றோடு நாலாவதாக ஒன்று ஞாபகம் வரும். ஒரு துண்டுச் சீட்டு. அதில் கிறுக்கலாக ஒரே ஒரு வரி: மேல் சிகிச்சைக்காக சென்னை ஜி.எச்.சுக்கு அனுப்பப்படுகிறார்.

அந்த ஜி.எச்.சுக்கு 2011ல் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை என்று பெயர் வைத்தார்கள். அவர் இறந்த ஊர்ப் பக்கம் அடிபடுகிறவர்களை அவர் பெயர் வைத்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம். நடுவில் நாற்பது ஐம்பது கிலோமீட்டர், பூந்தமல்லி டிராஃபிக் வேறு.

இந்தச் சீட்டு எப்படி வந்தது, அதை எழுதாமல் கத்தியைக் கையில் எடுக்க வேண்டிய ஆள் எங்கே போனார் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோட வாங்க.

முதல்ல ஒரு ராத்திரி கதை. 2012ல் நான் ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்தேன். செகண்ட் ஷிப்ட் முடிந்து பதினோரு மணி சுமாருக்கு பைக்கில் கிளம்பிய தம்பி ஒருத்தன், ரோட்டோரம் லைட் இல்லாமல் நின்ற டிரெய்லரின் பின்னால் போய் மோதிட்டான். அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு அந்த டிரெய்லர்களைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பித்தது. ஹேண்டில்பார் இடது விலாவுக்குக் கீழே குத்தியிருந்தது. வெளியே பெரிய காயம் எதுவும் இல்லை. "ஒண்ணுமில்லண்ணே, வயிறு மட்டும் வலிக்குது" என்று பேசிக்கொண்டுதான் இருந்தான்.

முதலில் போன ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பத்து நிமிஷத்தில் அந்தச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வண்டியில் ஏற்றும்போது அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. எங்களோடு வந்த மெயின்டெனன்ஸ் அண்ணன்தான், "சென்னை வரைக்கும் தாங்கமாட்டான், எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார்" என்று வண்டியைத் திருப்பச் சொன்னார்.

அது இருபது படுக்கைகூட இல்லாத நர்சிங் ஹோம். மேல்மாடியில் டாக்டர் குடியிருந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பழைய ஜெனரல் சர்ஜன். லுங்கியோடு இறங்கி வந்தார். நாடி பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார், ஒரு சிரிஞ்சை வயிற்றில் குத்தி இழுத்தார். கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது. அதை ஒரு கண்ணாடித் துண்டில் விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். உறையவில்லை. "உள்ளே ஓடிட்டிருக்குப்பா. மண்ணீரலா இருக்கணும்" என்றார். மயக்க மருந்து டாக்டருக்கு போன் போனது. எங்களில் இருவர் ரத்த சாம்பிளை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் ரத்த வங்கிக்குப் பறந்தோம். விடியற்காலை நாங்கள் டீ குடிக்கும்போது தம்பியின் மண்ணீரல் ஒரு எனாமல் தட்டில் இருந்தது. தம்பி உயிரோடு இருந்தான்.

அந்த டாக்டர் பிறகு எங்களிடம் சொன்னதுதான் இத்தனை வருஷமாக மண்டையில் ஓடுகிறது. "இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. எங்க காலத்துல எல்லா சர்ஜனும் செய்வோம். தலையில அடின்னா நானும் அனுப்பித்தான் இருப்பேன். இதை எதுக்கு அனுப்பணும்?"

அதானே, எதுக்கு அனுப்பணும்?

இந்த 'சர்ஜன்' என்கிற வார்த்தைக்கு நம்ம தமிழ்நாட்டில் ஒரு விசித்திரமான வரலாறு உண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாகச் சேரும் டாக்டரின் பதவிப் பெயரே அசிஸ்டென்ட் சர்ஜன்தான். அவர் கத்தியையே தொடாதவராக இருக்கலாம், குழந்தை மருத்துவம் படித்தவராக இருக்கலாம். ஆனாலும் அசிஸ்டென்ட் சர்ஜன். பதவி உயர்வு வந்தால் சிவில் சர்ஜன். எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துப் பெயர்கள். ஜில்லாவுக்கு ஒரு சர்ஜன் என்று போட்டபோது, பிரசவம், மூட்டு முறிவு, மாடு குத்தின குடல், மரத்திலிருந்து விழுந்தவன் எல்லாவற்றையும் அவர் ஒருத்தரே பார்த்தாக வேண்டும். அந்த வேலை போய்விட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சென்னை ஜி.எச். வாசலில் ஒரு சிலை இருக்கிறதே, சென்ட்ரலில் இறங்கி எதிர்ப்பக்கம் பார்த்தால் தெரியும், டாக்டர் ரங்காச்சாரி. கும்பகோணம் பக்கத்துக்காரர், 1934ல் இறந்தார். நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதற்காகச் சொந்தமாக ஒரு சிறு விமானமே வைத்திருந்த மனுஷன். அவரைப் போன்றவர்கள் காலத்தில் 'இது என் துறை இல்லை' என்ற வாக்கியமே கிடையாது. அதற்காக அந்தக் காலமே நல்ல காலம் என்று நான் பாட வரவில்லை. அப்போது செத்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினால் தெரியும். ஆனால் அடிபட்டவன் முன்னால் 'இது என் வேலை' என்று ஒருத்தர் நின்றார்.

அவர் கை எப்போது கட்டப்பட்டது? நான் படித்த அளவில் ஒரே நாளில் இல்லை. ஒவ்வொரு முடிச்சாக விழுந்தது.

முதல் முடிச்சு போலீஸ். விபத்து என்றால் ஏ.ஆர். எண்ட்ரி போடணும், கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லணும். பெரும்பாலான தனியார் டாக்டர்கள் 'போலீஸ் கேஸ், ஜி.எச். போங்க' என்றுவிடுவார்கள். இது உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. ஒரு ஸ்கூட்டர்காரரைக் கார் இடித்துவிட, பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். அவர்கள், இந்த மாதிரி கேஸ் பார்க்க அனுமதியுள்ள ஆஸ்பத்திரி இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். வழியிலேயே ஆள் போய்விட்டார். பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை வைத்து பரமானந்த கட்டாரா என்பவர் வழக்குப் போட்டார். 1989 ஆகஸ்ட் 28ல் தீர்ப்பு. அரசு டாக்டரோ தனியார் டாக்டரோ, முதலில் உயிரைக் காப்பாற்று, சட்டச் சடங்கெல்லாம் அப்புறம் என்று நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 1994ல் மோட்டார் வாகனச் சட்டத்திலும் இதைச் சேர்த்தார்கள்.

சரி, அரசு ஆஸ்பத்திரி? 1992ல் வங்காளத்தில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதி இல்லை. அங்கிருந்து கல்கத்தாவின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக, இங்கே ஸ்கேன் இல்லை, அங்கே படுக்கை இல்லை என்று ராத்திரி முழுக்கச் சுற்றவிட்டார்கள். கடைசியில் தனியாரில் காசு கொடுத்துப் பிழைத்தார். 1996ல் உச்ச நீதிமன்றம் மாநில அரசை 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவசர சிகிச்சை மறுப்பது உயிர் வாழும் உரிமையையே மறுப்பது என்பது அந்தத் தீர்ப்பு.

ஆக, சட்டம் டாக்டர் பக்கம் வந்துவிட்டது என்று பார்த்தால் அடுத்த முடிச்சு. 1995 நவம்பரில் மருத்துவ சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பானது. நியாயமான தீர்ப்புதான், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சின்ன ஊர் சர்ஜன் அதை எப்படிப் படித்தார்? 'வயிற்றைத் திறந்து ஆள் மேஜையிலேயே போனால் என் மேல் கேஸ். சீட்டு எழுதி, ஆள் ஆம்புலன்சில் போனால் என் மேல் கேஸ் இல்லை.' இந்தக் கணக்கை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை. ஆனால் எல்லா டாக்டருக்கும் தெரியும். இதோடு சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து கண்ணாடியை உடைப்பதையும் சேர்த்துக்கோங்க.

மூன்றாவது முடிச்சு ரத்தம். இதுதான் எனக்கு ரொம்பப் புதுசாக இருந்தது. கிராமத்து சர்ஜன்கள் அந்தக் காலத்தில் ஒன்று செய்வார்கள். வாசலில் நிற்கும் அண்ணன் தம்பி ரத்தத்தைப் பரிசோதித்து, பொருந்தினால் பையில் எடுத்து உடனே நோயாளிக்கு ஏற்றிவிடுவார்கள். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு, 1996 ஜனவரியில் காமன் காஸ் வழக்கில் வந்த தீர்ப்பு, காசுக்கு ரத்தம் விற்பதை இரண்டு வருஷத்தில் ஒழிக்கச் சொன்னது, லைசென்ஸ் இல்லாத ரத்த வங்கிகளை மூடச் சொன்னது. அதுவும் சரியான தீர்ப்புதான். ஆனால் லைசென்ஸ் வாங்கிய ரத்த வங்கி நகரத்தில்தான் இருக்கும். கிராமத்து சர்ஜன் சொந்தக்காரர் ரத்தத்தை எடுத்து ஏற்றுவது விதிப்படி குற்றமாகிவிட்டது. இந்தியக் கிராமப்புற அறுவை மருத்துவர்கள் சங்கம் இதை எதிர்த்து வருஷக்கணக்காகக் கத்தியது. 2001ல் சின்ன ஆஸ்பத்திரிகள் வங்கியிலிருந்து வாங்கி 'ரத்த சேமிப்பு மையம்' வைத்துக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. நாங்கள் ராத்திரியில் காஞ்சிபுரத்துக்கு ஓடிய ஓட்டத்துக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

இப்போ கொஞ்சம் அமெரிக்கா வரைக்கும் போய்ட்டு வருவோம். சின்ன ஊர் டாக்டரின் கையைக் கட்டாமல், அதைப் பழக்கணும் என்று யோசித்த கதை அங்கேதான் இருக்கிறது.

1976 பிப்ரவரி 17. ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு டாக்டர் தன் சிறு விமானத்தை மனைவி, நாலு குழந்தைகளோடு ஓட்டிப் போனபோது நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்தார். குழந்தைகளில் மூவருக்குப் பலத்த அடி. இவரே நடந்துபோய் ரோட்டில் ஒரு காரை நிறுத்தி, குழந்தைகளைப் பக்கத்துச் சின்ன ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், கதவு பூட்டியிருந்தது. டாக்டர்கள் வந்த பிறகும், கழுத்தெலும்பைப் பத்திரப்படுத்தாமல் குழந்தையைத் தூக்கியதைத் தன் கண்ணால் பார்த்தார். வயலில் வெறுங்கையோடு தான் செய்த சிகிச்சையே இதைவிட மேல் என்று அவருக்குப் பட்டது. அவர் அந்த டாக்டர்களைத் திட்டிவிட்டு விடவில்லை. அவர்களுக்கு யாருமே சொல்லித்தரவில்லை என்பதுதான் கோளாறு என்று புரிந்துகொண்டார். முதலில் மூச்சுக்குழாய், பிறகு சுவாசம், பிறகு ரத்தம் என்று வரிசைப்படுத்தி ஒரு பயிற்சி தயாரானது. 1978ல் நெப்ராஸ்காவிலேயே ஆபர்ன் என்ற ஊரில் முதல் வகுப்பு. 1980ல் அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரி அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கும் ஏ.டி.எல்.எஸ். பயிற்சி அதுதான். இந்தியாவுக்கு அது வந்தது 2009ல்.

அதற்கப்புறம் வந்த இன்னொரு யோசனை, என் பார்வையில் இன்னும் முக்கியம். 1993ல் ரொட்டாண்டோ, ஷ்வாப் முதலான பென்சில்வேனியா சர்ஜன்கள் 'டேமேஜ் கண்ட்ரோல்' என்று ஒரு முறைக்குப் பெயர் வைத்தார்கள். கப்பற்படை வார்த்தை. ஓட்டை விழுந்த கப்பலை நடுக்கடலில் முழுசாகப் பழுது பார்க்க முடியாது. ஓட்டையை அடை, மிதக்க வை, துறைமுகத்துக்குக் கொண்டு போ. வயிற்றுக்கும் அதே கணக்குதான். ரொம்ப ரத்தம் போனவனுக்கு உடம்பு குளிர்ந்து, ரத்தம் அமிலமாகி, உறையும் தன்மையே போய்விடும். அந்த நிலையில் நாலு மணி நேரம் அழகாகத் தைத்துக்கொண்டிருந்தால் ஆபரேஷன் வெற்றி, ஆள் காலி. அதனால் திற, ரத்தம் வரும் இடத்தைக் கட்டு, கல்லீரலைச் சுற்றித் துணி வைத்து அமுக்கு, மூடு. மிச்சத்தை ஆள் தேறியதும் பெரிய இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கவனிச்சீங்களா? இதுவும் 'அனுப்புவது'தான். ஆனால் ரத்தத்தை நிறுத்திவிட்டு அனுப்புவது. நம்ம சீட்டுக்கும் இதுக்கும் நடுவில் இருக்கிற ஆள்தான் ஜெனரல் சர்ஜன். நெஞ்சில் காற்றோ ரத்தமோ நிரம்பினால் ஒரு குழாய் போடுவது, வயிற்றைத் திறந்து ரத்தத்தை நிறுத்துவது, நசுங்கின காலில் ஓடும் ரத்தக்குழாயைக் கட்டுவது. முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆளைக் கொல்லுவதில் பாதிக்கு மேல் இவற்றில்தான் அடங்கும் என்று அந்தப் பெரியவர் சொல்வார். (எல்லா மண்ணீரல் அடிக்கும் கத்தி வேண்டாம். ரத்த அழுத்தம் நிலையாக இருந்தால் இப்போதெல்லாம் ஸ்கேன் எடுத்து, படுக்க வைத்துக் கவனிப்பதுதான் வழக்கம். எங்கள் தம்பி அந்த ரகம் இல்லை.)

சரி, மறுபடி நம்ம ரோட்டுக்கு வருவோம். ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் 1996ல் வந்து, 1998ல் சான்ட்ரோவை வெளியே விட்டது. 2006ல் நோக்கியா (2014ல் மூடியாச்சு). ஒரகடத்தில் 2010ல் ரெனோ-நிசான், 2012ல் டெய்ம்லர் லாரி, 2013ல் ராயல் என்ஃபீல்டு. ஏரியும் நெல்லும் இருந்த ஊர்களில் இருபதே வருஷத்தில் மூணு ஷிப்ட், கன்டெய்னர் லாரி, கம்பெனி பஸ், இவற்றுக்கு நடுவில் புகுந்து போகும் பைக். ரோட்டில் மட்டும் இல்லை, உள்ளேயும்தான். 2010 அக்டோபர் 31ல் நோக்கியா ஆலையில் ஒரு இளம்பெண் இயந்திரத்தில் சிக்கி இறந்தது பலருக்கு ஞாபகம் இருக்கலாம். மாநிலக் கணக்கைப் பார்த்தால் 2022ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 சாவுகள்.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. 11வது ஐந்தாண்டுத் திட்டத்தில் (2007-12) தங்க நாற்கரச் சாலைகளை ஒட்டி 140 விபத்து சிகிச்சை மையங்கள் என்று மத்திய அரசு போட்டது. சென்னை-பெங்களூர் ரோடும் அதில் ஒரு கை. 2008 செப்டம்பரில் 108 வந்தது. 2017ல் தமிழ்நாட்டின் டேய் திட்டம் (விபத்து, அவசர சிகிச்சை முன்னெடுப்பு). அதில் வந்தவுடனே சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து, சிவப்புக்காரனை முதலில் பார்க்கணும். 2021 டிசம்பர் 18ல் மேல்மருவத்தூரில் முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்த 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48'. முதல் 48 மணி நேரச் செலவு, தொடங்கும்போது ஒரு லட்சம் ரூபாய் வரை, 81 வகை சிகிச்சைக்கு, 609 ஆஸ்பத்திரிகளில் அரசே கொடுக்கும் என்றார்கள். அதில் 408 தனியார். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர், கார்டு இருக்கா என்று கேட்கக் கூடாது. ஒடிசாவும் பீகாரும் அசாமும் வந்து தங்கியிருக்கிற ஒரகடத்துக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே வேலை பார்த்தவனுக்குத்தான் தெரியும். 2012ல் நாங்கள் ஏழு பேர் ஏ.டி.எம். ஏ.டி.எம்.மாக அலைந்தோம்.

ஆக போலீஸ் முடிச்சு அவிழ்ந்தது, காசு முடிச்சும் ஓரளவு அவிழ்ந்தது, வண்டியும் வந்தாச்சு. மிச்சம் இருப்பது ஆள். ராத்திரி ரெண்டு மணிக்கு, தாலுகா அளவிலான ஒரு இடத்தில், ஒரு ஜெனரல் சர்ஜன், ஒரு மயக்க மருந்து டாக்டர், நாலு யூனிட் ரத்தம். இந்த மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் சீட்டுதான். சர்ஜன் மட்டும் இருந்தால் போதும் என்று நானும் முன்பு நினைத்தேன். அன்றைக்கு அந்த மயக்க மருந்து டாக்டர் போனை எடுக்காமல் தூங்கியிருந்தால்?

சுற்றிலும் பெரிய ஆஸ்பத்திரிகளுக்குக் குறைவில்லை. ஒரு பக்கம் 1965லிருந்து செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி, இன்னொரு பக்கம் தண்டலம், போரூர் தனியார் கல்லூரிகள். அதே நெடுஞ்சாலையில் மேற்கே போனால் ராணிப்பேட்டையில் வேலூர் சி.எம்.சி.யின் புது வளாகம், 2022லிருந்து, உயர்நிலை விபத்து சிகிச்சையோடு. இவை வந்ததாலேயே நடுவில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரி சர்ஜன் தேவையில்லை என்று ஒரு நினைப்பு வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். வண்டி வேகமாகப் போகுமே, எதுக்கு நடுவில் நிறுத்தணும் என்கிற நினைப்பு. தலையில் அடி என்றால் அந்த நினைப்பு சரி. வயிற்றில் ரத்தம் ஓடுகிறவனுக்கு இல்லை. இது என் அபிப்பிராயம்தான். பதிவுலக டாக்டர்கள் தப்பு இருந்தால் திருத்துங்க.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் செல்போன் ஆலையின் பெண் தொழிலாளர்களுக்கு விடுதி திறந்தார்கள். 18,720 படுக்கை. ஒரே வளாகத்தில் ஒரு சின்ன டவுனே தூங்குகிறது. நல்ல விஷயம், சந்தோஷம்தான். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த இருபது படுக்கை நர்சிங் ஹோம்தான் ஞாபகம் வந்தது. போன வருஷம் அந்த வழியாகப் போனேன். பெரியவர் இல்லை. மகன் சென்னையில் ரேடியாலஜிஸ்டாம். கீழ்த்தளத்தில் டூவீலர் ஷோரூம் இருக்கிறது.

தம்பி இப்போ மறைமலைநகரில் சூப்பர்வைசர். மண்ணீரல் இல்லாததால் நிமோனியா தடுப்பூசி போட்டுக்கணும், காய்ச்சல் வந்தால் சும்மா இருக்கக் கூடாது என்று பெரியவர் எழுதிக்கொடுத்த தாளை லேமினேட் செய்து பர்ஸில் வைத்திருக்கிறான்.

பி.கு: கை விரல் துண்டானால் மட்டும் கதையே வேறு. அதற்கு நேரே ஸ்பெஷலிஸ்ட்தான். சென்னையில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கை அறுவை சிகிச்சைப் பிரிவு, டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கியது, பிரஸ் மெஷினில் போன கைகளைப் பார்ப்பதற்கென்றே பேர் வாங்கியது. துண்டான விரலை நேராக ஐஸில் போடாதீங்க. ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வையுங்க. எங்க பிரஸ் ஷாப்பில் இதை எழுதி ஒட்டியிருந்தோம். ஷிப்டுக்கு ஒருமுறை யாராவது படிச்சுட்டுச் சிரிப்பாங்க. ரெண்டு தடவை உதவியிருக்கு.